திருப்பிக் கொடுத்த ஓட்டுகள்

டாக்சி நிலையத்தில் அவளுக்கு வைத்த பெயர் பிரேக். நாய் குறுக்கே வந்தாலும் சரி, வெறும் காகிதம் பறந்து வந்தாலும் சரி, முதலில் காலைப் பிரேக்கில் வைத்துவிட்டுத்தான் மற்றதை யோசிப்பாள் என்று யாரோ கிண்டல் செய்யப்போய், அதுவே ஒட்டிக்கொண்டது. வயதில் சிறியவர்கள் பிரேக் அக்கா என்பார்கள். நாற்பத்தாறு வயது. தன் வண்டியில் ஒரு கீறல்கூட விழுந்ததில்லை என்று அவள் பெருமையாகச் சொல்லும்போதெல்லாம், "பின்னாடி வர்றவன் வண்டியில எத்தனை கீறல்னு கேளு" என்று யாராவது ஒருவர் சொல்லிவிட்டுப் போவார்.

வண்டி அவளுக்கும் அவள் தம்பிக்கும் பொது. விடியலிலிருந்து மதியம்வரை அவள் ஓட்டுவாள். மதியத்துக்கு மேல் அவன். ஒரே மாடியில் எதிரெதிர் கதவில் இரண்டு குடும்பமும் இருந்தன. இந்த வீட்டில் குழம்பு கொதித்தால் அந்த வீட்டுக்கு வாசனை போகும். அந்த வீட்டில் சண்டை வந்தால் இந்த வீட்டில் தொலைக்காட்சிச் சத்தத்தைக் குறைப்பார்கள்.

முன்பு இருவரும் ஒரு பெரிய கம்பெனியின் செயலியில் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். ஒருநாள் காலையில் அவளுடைய கணக்கு முடங்கிப்போனது. ஏன் என்று சொல்ல ஆள் இல்லை. தொலைபேசியில் கூப்பிட்டால் இசை கேட்டது, பிறகு இணைப்பு அறுந்தது. சில வாரம் கழித்துக் கணக்கு தானாகவே திறந்துகொண்டது. அதற்கும் காரணம் சொல்லவில்லை. "தப்பு பண்ணினதுக்குத் தண்டனைன்னா தாங்கிக்கலாம். என்ன தப்புன்னே சொல்லலைன்னா எதைத் திருத்திக்கிறது?" என்று தம்பியிடம் சொல்லி அழுதாள்.

அதனால்தான், ஓட்டுநர்களே சேர்ந்து சக்கரம் என்ற வலையமைப்பைத் தொடங்கியபோது முதல் ஆளாகப் போய்ச் சேர்ந்தாள். சக்கரத்துக்கு முதலாளி கிடையாது. அது பிளாக்செயினில் ஓடியது. பயணங்கள், விதிகள், ஓட்டுகள் எல்லாவற்றின் பதிவும் ஒரே நேரத்தில் பல இடங்களில் இருக்கும். யாரும் தனியாளாக அதை அழிக்கவோ திருத்தவோ முடியாது, யார் வேண்டுமானாலும் படிக்கலாம். விதியை மாற்ற வேண்டுமென்றால் ஓர் ஓட்டுநர் மனுப் போடுவார், மற்றவர்கள் போனிலேயே ஓட்டுப் போடுவார்கள். ஒருவரை வெளியே அனுப்புவதற்கு மட்டும் கட்டுப்பாடு அதிகம். மொத்தத்தில் பாதிப் பேராவது ஓட்டுப் போட்டிருக்க வேண்டும், போட்டதில் மூன்றில் இரண்டு பங்கு 'நீக்கு' என்று விழ வேண்டும்.

சொல்லக் கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஓட்டுப் போடத்தான் ஆள் வரவில்லை. "வண்டி ஓட்டுறவனுக்கு எதுக்குய்யா இந்த ஓட்டு?" என்று நிலையத்தில் சிரிப்பார்கள். மனுக்கள் சட்டப் புத்தகம் மாதிரி நீளும். சிவப்பு விளக்கில் படிக்க ஆரம்பித்தால் பச்சை விழுவதற்குள் முதல் வரி முடியாது. அறுநூறு பேரில் நாற்பது பேர் போட்டாலே அதிகம். அந்த நாற்பது பேர் ஒருமுறை, விமான நிலைய வரிசையில் புதிய வண்டிகளுக்கே முதலிடம் என்று விதியை மாற்றிவிட்டார்கள். மற்றவர்களுக்கு விஷயம் தெரிந்ததே வரிசையில் போய் நின்று, பின்னால் வந்தவன் முன்னால் போன பிறகுதான்.

அந்தக் கசப்புக்குப் பிறகு ஒவ்வொருவர் போனிலும் ஓர் ஏஐ உதவியாளரைச் சேர்த்தார்கள். அது மனுவைப் படித்துச் சாதாரணப் பேச்சில் சொல்லும், கேள்வி கேட்டால் பதில் சொல்லும், தெரியாததைத் தெரியாது என்றே சொல்லும். கெடு நெருங்கினால் நினைவுபடுத்தும். வாயால் சொன்னால் ஓட்டைப் பதிவு செய்யும். எதைக் கேட்டாலும் இந்தப் பக்கம் இப்படி, அந்தப் பக்கம் அப்படி என்று இரண்டையும் எடுத்து வைத்ததால் அதற்கு வக்கீல் என்று பெயர் விழுந்தது.

பிரேக் அந்த வக்கீலைக் கேள்வி கேட்டே ஒரு வழி பண்ணிவிடுவாள். "சுத்தி வளைக்காதே. இதை யாரு போட்டது, அவருக்கு இதுல என்ன லாபம், அதை முதல்ல சொல்லு" என்று அவள் போனோடு மல்லுக்கு நிற்பதைக் கேட்க நிலையத்தில் கூட்டம் கூடும். கூடியவர்களில் சிலர் அவரவர் வக்கீலிடம் பேசத் தொடங்கினார்கள். சிலர் அந்தச் சிரமத்தையும் படவில்லை. தன் ஓட்டை இன்னொருவரிடம் ஒப்படைக்கச் சக்கரத்தில் வழி இருந்தது. "நீயே பாத்துப் போட்டுடு பிரேக்கு" என்று ஒவ்வொருவராக ஒப்படைத்து, அவள் கையில் முப்பத்தாறு பேருடைய ஓட்டுச் சேர்ந்தது. அவளுடையதோடு முப்பத்தேழு. வெளியே அலுத்துக்கொண்டாலும் உள்ளுக்குள் அது அவளுக்குப் பிடித்திருந்தது. நிலையத்தில் அவள் வந்து இறங்கினால் இரண்டு பேர் நகர்ந்து இடம் விடுவார்கள்.

அந்த முப்பத்தேழை வைத்து அவள் போட்ட பெரிய ஓட்டு, பாட்டுக்காரர் மேல் வந்த மனுவில்தான். ஓட்டும்போது வாய் ஓயாமல் பாடுவதால் அவருக்கு அந்தப் பெயர். ஒரு பயணியை நடுவழியில் இறக்கிவிட்டார் என்று அவர்மேல் புகார் வந்தது. பிரேக் அன்று அவசரத்தில் இருந்தாள். "பயணியை நடுவழியில இறக்கி விட்டா மன்னிப்பே கிடையாது. நீக்குன்னு போடு. இனிமே இந்த மாதிரி எது வந்தாலும் என் பதில் இதுதான், ஞாபகம் வச்சுக்கோ" என்று வக்கீலிடம் சொல்லிவிட்டு வண்டியை எடுத்தாள். பாட்டுக்காரர் நீக்கப்பட்டார்.

ஒன்றரை வருடம் போனது. மழை பிடித்திருந்த ஒரு காலையில், டயருக்குக் காற்றுப் பிடிக்க வரிசையில் நின்றிருந்தபோது காதில் வக்கீலின் குரல் வந்தது.

"புது மனு ஒன்னு வந்திருக்கு. பயணிகளை நடுவழியில இறக்கி விட்டதா புகார். நீங்க முன்னாடி சொல்லி வச்ச பதில் இதுக்குப் பொருந்தும். ஆனா நான் போடலை. போடறதுக்கு முன்னாடி உங்ககிட்ட ஒன்னு சொல்லணும்."

"என்ன?"

"புகார் உங்க வண்டி மேல. ஓட்டினது உங்க தம்பி."

பின்னால் இருந்தவன் ஹாரன் அடித்தான். வரிசை நகர்ந்திருந்தது. அவள் நகரவில்லை.

புகார் கொடுத்தது ஒரு பெண். மருத்துவமனையிலிருந்து நோயாளி அப்பாவை அழைத்துக்கொண்டு வந்திருக்கிறாள். புறவழிச் சாலையின் பாலத்தடியில், கொட்டுகிற மழையில், ஓட்டுநர் இருவரையும் இறக்கிவிட்டுப் போய்விட்டார். வேறு வண்டியை நிறுத்தச் சாலைக்கு வந்தபோது அப்பா வழுக்கி விழுந்து கை முறிந்துவிட்டது. பயணம் பாதியில் முடிந்தது என்பது பதிவிலும் இருந்தது. தம்பியின் பதில் ஒரே வரி: அவர்களே இறங்கிக்கொண்டார்கள்.

பிரேக்குக்கு முந்தாநாள் காலை நினைவுக்கு வந்தது. வண்டி பளிச்சென்று கழுவி, உள்ளே வாசனைத் திரவம் தெளித்து நின்றது. பரவாயில்லையே, பயலுக்குப் பொறுப்பு வந்துவிட்டது என்று அன்று சந்தோஷப்பட்டிருந்தாள்.

மனு முடியும்வரை புகாருக்கு ஆளானவர் ஓட்டக் கூடாது. அதனால் தம்பி வீட்டிலேயே இருந்தான். அவள் போனபோது தரையில் உட்கார்ந்து மின்விசிறியைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தான். அது பழுதாகவே இல்லை.

"என்னடா பண்ணி வச்சிருக்கே?"

"நான் ஒன்னும் பண்ணலை. அவங்களாத்தான் இறங்கினாங்க."

"மழையிலயா?"

"இறங்குறவங்களை இழுத்து உக்கார வைக்க முடியுமா?" அவன் தலையை நிமிர்த்தவில்லை.

தம்பியின் மனைவி கதவோரம் நின்றிருந்தாள். "அண்ணி, உங்க கையில முப்பத்தேழு ஓட்டு இருக்கு. அது போதாதா?" என்றாள். அவள் குரலில் பயமில்லை. மருந்துக் கடைக்குப் போய்ச் சீட்டைக் காட்டி மருந்து கேட்கிற மாதிரி கேட்டாள்.

பிரேக் தன் வீட்டுக்கு வந்துவிட்டாள்.

அடுத்த நாள் சேறு படிந்த வண்டியைக் கழுவக் கொண்டுபோனாள். வழக்கமான இடம் மூடியிருந்ததால் சற்றுத் தள்ளி இருந்த இன்னொன்றுக்குத் திருப்பினாள். ரப்பர் காலணியோடு குழாயைப் பிடித்துக்கொண்டு வந்தவர் பாட்டுக்காரர். இங்கே வேலை செய்கிறார் என்று அவளுக்குத் தெரியாது. அவர் பாடவில்லை.

"என்ன பிரேக்கு, தம்பி விஷயம் வந்திருக்காமே."

"உங்களுக்கு எப்படிண்ணே தெரியும்?"

"என்னை வெளியே அனுப்பினீங்க. படிக்காதேன்னா சொன்னீங்க? எல்லாம் திறந்துதானே கிடக்கு." வண்டிச் சக்கரத்தில் ஒட்டியிருந்த சேற்றில் தண்ணீரைப் பீய்ச்சினார். "என் மனுவுல முப்பத்தேழு ஓட்டு ஒரே நொடியில விழுந்துச்சு. அதுல ஒருத்தனாவது, 'என்னய்யா நடந்துச்சு'ன்னு என்கிட்டக் கேப்பான்னு பாத்தேன். எப்படிக் கேப்பான்? முப்பத்தேழும் ஒரே ஆளு."

அவர் தண்ணீரை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார்.

"இப்பவும் அதே ஒரு நொடிதானா? இல்ல, கூடப் பொறந்தவன்னா கொஞ்சம் நேரம் எடுத்துக்குவியா?"

"அண்ணே... அன்னிக்கு என்னதான் நடந்துச்சு?"

பாட்டுக்காரர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "இப்பக் கேக்குறியா?" என்றார். பிறகு வேறெதுவும் சொல்லாமல் அடுத்த சக்கரத்துக்குப் போனார்.

வெளியே வந்து வண்டியை ஓரம் கட்டினாள். புகார் கொடுத்தவரிடம் பேச முடியுமா என்று வக்கீலைக் கேட்டாள். ஓட்டுப் போடுகிற யார் வந்தாலும் பேசத் தயார் என்று அந்தப் பெண் எழுதியிருப்பதாகவும், இதுவரை யாரும் கேட்கவில்லை என்றும் அது சொன்னது. "நீங்க அவரோட அக்கான்னு முதல்லயே சொல்லிடறது நல்லது" என்றும் சேர்த்துக்கொண்டது.

"நீ சொல்லித்தான் தெரியணுமா எனக்கு?" என்று அவள் எரிந்து விழுந்தாள்.

தரைத்தள வீடு. அந்தப் பெண் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறவள், அன்று விடுப்பு. கதவு பாதி திறந்ததுமே பிரேக் சொன்னாள்: "நானும் சக்கரத்துலதான் ஓட்டுறேன். அன்னிக்கு ஓட்டினது என் தம்பி. நான் கெஞ்ச வரலைம்மா. கேக்கத்தான் வந்தேன்."

கதவு கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. பிறகு முழுதாகத் திறந்தது.

உள்ளே நாற்காலியில் அப்பா உட்கார்ந்திருந்தார். கையில் மாவுக்கட்டு. அந்தப் பெண் நின்றுகொண்டே பேசினாள். "அப்பாவுக்கு டயாலிசிஸ். முடிஞ்சு வரும்போது குமட்டும். கையில கவர் வச்சிருந்தேன், அதுக்குள்ள வந்துடுச்சு. சீட்டுல பட்டுடுச்சு. நானே துடைச்சுத் தர்றேங்கன்னு சொன்னேன். அவர் ஒரு வார்த்தை பேசலை. பாலத்தடியில நிறுத்தினார். இறங்கி வந்து எங்க பக்கத்துக் கதவைத் திறந்தார். திறந்துட்டு அப்படியே நின்னார்."

"திட்டினானா?"

"திட்டியிருந்தா நானும் நல்லாத் திட்டியிருப்பேன். வாயே திறக்கலை. நாங்க இறங்குற வரைக்கும் கதவைப் பிடிச்சுட்டு நின்னார். அப்பாவோட பையை எடுத்து, நனையாத இடமாப் பாத்து, தூணோரமா வச்சார். அப்புறம் போயிட்டார்."

"பையை ஒழுங்காத்தான் வச்சாரு" என்றார் அப்பா. அதைக் குறையாகச் சொன்னாரா, நிறையாகச் சொன்னாரா என்று தெரியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் நேராகத் தம்பி வீட்டுச் சமையலறைக்குப் போனாள். அவன் தட்டில் சாப்பாடு ஆறிக்கொண்டிருந்தது. அவள் உட்காரவில்லை.

"அவங்க பையை எங்கடா வச்சே?"

"தூணோரமா, நனையாத..." தானாக இறங்கியவர்களின் பையை இவன் ஏன் எடுத்து வைக்கப்போகிறான்? குழாயில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அவன் மனைவி மெதுவாகப் போய்க் குழாயைத் திருகினாள்.

"அந்த நாத்தத்தோட அடுத்த ஆளை ஏத்த முடியாதுக்கா" என்றான் கடைசியில். "காலையில வண்டி கொஞ்சம் அழுக்கா இருந்தாலே நீ வீடு அதிரக் கத்துவே. எனக்கு அந்த நேரத்துல அதுதான் தோணுச்சு."

"அப்போ நான் கத்துவேன்னு அந்த மனுஷனை மழையில விட்டியா?"

"அப்படிச் சொல்லலை." அவன் தட்டைத் தள்ளினான். "இதுல எனக்கே ஓட்டு இல்ல. உன்கிட்ட முப்பத்தேழு இருக்கு. பாத்துப் போடு. அவ்வளவுதான் சொல்லுவேன்."

அன்று சாயங்காலம் அவள் வீட்டுக்குள் போகவில்லை. கீழே நிறுத்தியிருந்த வண்டியில் ஏறி, கண்ணாடியை ஏற்றிக்கொண்டு உட்கார்ந்தாள். மறுநாள் மாலை ஆறு மணிக்குக் கெடு.

"இதுவரைக்கும் எத்தனை பேர் போட்டிருக்காங்க?"

"இருநூத்துச் சொச்சம். முன்னூறு வந்தாத்தான் மனு செல்லும். உங்க முப்பத்தேழு இன்னும் விழலை."

"நீயா இருந்தா என்ன போடுவே?"

"எனக்குத் தம்பி இல்ல. நான் ஒன்னு சொன்னா அது எனக்கு லேசு. தூக்கிச் சுமக்கப்போறது நீங்க."

அவள் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டாள். "என்னோட ஒன்னு இருக்கட்டும். மத்தவங்க முப்பத்தாறு?"

"அவங்க ஒப்படைச்சப்போ உங்க தம்பி விஷயம் வரும்னு நினைச்சு ஒப்படைக்கலை. நீங்களே போடலாம், விதி தடுக்கலை. இல்லைன்னா திருப்பிக் கொடுத்துடலாம். அப்போ அவங்கவங்க வக்கீல் அவங்கவங்ககிட்ட மனுவை எடுத்துச் சொல்லும், அவங்களே போட்டுக்குவாங்க."

"திருப்பிக் கொடுத்துடு."

"கொடுக்கறதுக்கு முன்னாடி ஒன்னு. அவங்கள்ல நிறைய பேர் போடாமலே விட்டுடலாம். முன்னூறு வரலைன்னா மனு விழுந்துடும், தம்பி தப்பிச்சுடுவார். அதுக்காகத்தான் நீங்க திருப்பிக் கொடுத்தீங்கன்னு சொல்லுவாங்க. சொல்றதுக்கு நியாயமும் இருக்கும்."

இதை அவள் யோசித்திருக்கவில்லை. எந்தப் பக்கம் திரும்பினாலும் முட்டுச் சந்து. முப்பத்தேழையும் தம்பிக்குப் போட்டால் பாட்டுக்காரர் முகத்தில் இனி விழிக்க முடியாது. தம்பிக்கு எதிராகப் போட்டால் அவள் ஒருத்தியின் வாய்தான் மறுபடியும் ஒருவனை வெளியே அனுப்பும். திருப்பிக் கொடுத்துவிட்டுச் சும்மா இருந்தால் சூழ்ச்சிக்காரி.

"திருப்பிக் கொடு" என்றாள் மறுபடியும். "முன்னூறு வர வைக்கிறது என் பொறுப்பு."

முப்பத்தாறு பேருக்கும் அவள் குரலிலேயே ஒரு செய்தி போனது: ஓட்டினது என் தம்பி, உங்க ஓட்டு உங்ககிட்டயே வந்துடுச்சு, கேட்டுப் பாத்து நீங்களே போடுங்க. கொஞ்ச நேரத்தில் பதில்கள் குவிந்தன. 'இந்தத் தொல்லை வேண்டாம்னுதானே உன்கிட்டக் கொடுத்தேன்?' 'நல்லாத் தப்பிச்சுக்கிட்டே!' 'உன் வீட்டுச் சண்டையை எங்க தலையில கட்டுறியா?'

மறுநாள் அவள் பயணிகளை ஏற்றவில்லை. நிலையம் நிலையமாகப் போனாள்.

முதலில் அகப்பட்டவர் வாத்தியார். பள்ளியில் கணக்குச் சொல்லிக் கொடுத்தவர், அதை விட்டுவிட்டு ஓட்ட வந்தவர். "என் கணக்குப்படி நீ பேசாம வீட்டுல உக்காந்தா உன் தம்பி தப்பிச்சுடுவான். எதுக்கு இப்படி அலையறே?" என்றார்.

"அதனாலதான் சார் அலையறேன்."

வாத்தியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். போனை எடுத்து, "என்னப்பா வக்கீல், சொல்லு" என்றார்.

புதிதாகச் சேர்ந்த பெண் ஓட்டுநர் ஒருத்தி, "நீங்க எதுக்குப் போடுறீங்கன்னு சொல்லுங்கக்கா, நானும் அதையே போட்டுடுறேன்" என்றாள். சொல்ல மாட்டேன் என்று பிரேக் தலையாட்டினாள். அந்தப் பெண் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு புகாரையும் பதிலையும் கேட்க ஆரம்பித்தாள். இரண்டாம் முறையும் கேட்டாள்.

காது கேளாத ஓட்டுநர் ஒருவர் இருந்தார். எப்போதும் சிரித்த முகம் என்பதால் சிரிப்பு என்று கூப்பிடுவார்கள். அவருக்கு வக்கீல் எழுத்தில்தான் பேசும். ஒற்றை விரலால் நிறுத்தி நிறுத்தி ஒரு கேள்வியைத் தட்டினார். பதில் வந்ததும் போனை பிரேக்கிடம் நீட்டினார். 'அவர் மன்னிப்புக் கேட்டாரா?' என்று அவர் கேட்டிருந்தார். 'அப்படி எதுவும் பதிவில் இல்லை' என்று வந்திருந்தது. நீயாவது சொல் என்பதுபோல அவளைப் பார்த்தார். இன்று அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. கேட்கவில்லை என்று அவள் கையை விரித்தாள்.

மதியத்துக்கு மேல் தம்பியின் மனைவி கூப்பிட்டாள். "அண்ணி, தெருத் தெருவாப் போய் ஆள் பிடிக்கிறீங்களாமே! ஊரே பேசுது. எதிரி பண்ணுவான் இதெல்லாம். நீங்க பண்ணலாமா? எங்க வயித்துல அடிச்சு உங்களுக்கு என்ன வந்துடப்போகுது?"

"நான் யாரையும் இதுக்குப் போடு, அதுக்குப் போடுன்னு சொல்லலைம்மா."

"சும்மா இருந்தாலே போதும்னு இருக்கும்போது, சும்மா இருக்க மாட்டேங்கறீங்களே!" அவள் அழுதாள். இணைப்பைத் துண்டித்தது யார் என்று இருவருக்குமே தெரியவில்லை.

ஐந்தரை மணிக்கு முன்னூற்றுக்கு இன்னும் இருபது குறைந்தது. மீதமிருந்த ஒரே இடம் விமான நிலைய வரிசை. மழை மறுபடியும் பிடித்துக்கொண்டது. நீண்ட வரிசையில் இருக்கையைச் சாய்த்துப் போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார்கள். அவள் குடைகூட எடுக்காமல் இறங்கி, கண்ணாடி கண்ணாடியாகத் தட்டினாள். "கொஞ்சம் எந்திரிங்க. உங்க ஓட்டு விழலை. கேட்டுட்டுப் போட்டுடுங்க." ஒருவன் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுத் திரும்பிப் படுத்தான். ஒருவன் கண்ணாடியை இறக்கி, "இவ்வளவு நடிப்பு வேண்டாம் பிரேக்கு. எல்லாருக்கும் புரியுது" என்றான். அவள் அடுத்த வண்டிக்குப் போனாள். சில வண்டிகளுக்குள் போன் வெளிச்சம் முகத்தில் விழுவது தெரிந்தது. வரிசையின் கடைசி வண்டியைத் தட்டிக்கொண்டிருந்தபோது காதில் வக்கீல் சொன்னது: "முன்னூறு தாண்டிடுச்சு."

அங்கேயே நடைபாதை விளிம்பில் உட்கார்ந்துவிட்டாள். புடவை, செருப்பு எல்லாம் சொதசொதவென்று இருந்தது.

"உங்க ஓட்டு இன்னும் இருக்கு. சில நிமிஷம்தான் பாக்கி. போடாமலும் விடலாம்."

சின்ன வயதில் அவனைத் தோளில் போட்டுத் தூங்க வைத்தது, அவன் முதல்முதலாக ஸ்டியரிங் பிடித்தபோது பக்கத்தில் உட்கார்ந்து கத்தியது எல்லாம் ஒரு நொடி வந்து போனது. கூடவே, கதவைப் பிடித்துக்கொண்டு பேசாமல் நிற்கிற அவன் உருவமும் வந்தது. அது போகவில்லை.

"நீக்குன்னு போடு."

"உங்க தம்பியை நீக்கணும்னு உங்களோட ஒரு ஓட்டு. இது பிறகு மாறாது. எல்லாரும் பாக்கலாம். சரிதானா?"

"சரி" என்றாள்.

நீக்கச் சொன்னவர்கள்தான் அதிகம். ஆனால் மூன்றில் இரண்டு பங்குக்கு ஏழு ஓட்டுக் குறைந்தது. தம்பி தப்பினான்.

வாத்தியார் மறுநாள் பதிவைப் பார்த்து எல்லோருக்கும் விளக்கிச் சொன்னார். திருப்பிக் கொடுத்த முப்பத்தாறில் பாதிக்கு மேல் 'நீக்க வேண்டாம்' என்று விழுந்திருந்தன. அவற்றைக் கையில் வைத்துக்கொண்டு, அவள் தன் ஓட்டைப் போட்ட மாதிரியே போட்டிருந்தால் தம்பி வெளியே போயிருப்பான். நிலையத்தில் பேச்சு இரண்டாகப் பிரிந்தது. திருப்பிக் கொடுத்துத் தம்பியைக் காப்பாற்றிவிட்டு, ஊருக்காக எதிராக ஒரு ஓட்டுப் போட்டாள், பலே கெட்டிக்காரி என்றது ஒரு கூட்டம். கூடப் பிறந்தவனையே விடவில்லை, இவள் மனுஷியா என்றது இன்னொன்று. இரண்டும் அவள் காதில் விழத்தான் செய்தன. அவள் வந்து இறங்கும்போது இப்போது யாரும் இடம் விடவில்லை.

எதிர்வீட்டுக் கதவு சாத்தியே இருந்தது. அவள் கணவர் அச்சகத்தில் இயந்திரம் ஓட்டுகிறவர், அதிகம் பேசாதவர். "நாலு நாள் போகட்டும்" என்றார். நாலு நாள் போயும் கதவு திறக்கவில்லை.

சிரிப்பு ஒரு மனுப் போட்டார். தம்பி மூன்று மாதம் ஓட்டக் கூடாது, காயம்பட்டவரிடம் நேரில் போய்ப் பேச வேண்டும் என்று. அது சுலபமாக நிறைவேறியது. தம்பி போனான். உள்ளே என்ன பேசினான் என்று யாரிடமும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு மூன்று மாதமும், டயாலிசிஸ் நாட்களில் பிரேக் வண்டியின் முன்சீட்டில் வந்து உட்கார்ந்து, அந்தப் பெரியவரைக் கைப்பிடித்து ஏற்றி இறக்கினான். போகும்போதும் வரும்போதும் அவரோடு பேசுவான். அக்காவோடு மட்டும் பேச மாட்டான்.

பாட்டுக்காரர் மனுவை மறுபடி விசாரிக்க வேண்டும் என்று பிரேக் ஒரு மனுப் போட்டாள். இந்த முறை அவரை எல்லோரும் கேள்வி கேட்டார்கள். அன்று குடித்திருந்த பயணி பின்னாலிருந்து அவர் கழுத்தைப் பிடித்தான் என்பது அப்போதுதான் வெளியே வந்தது. அவரைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளப் பெரும்பாலோர் சம்மதித்தார்கள். வந்தார். பிரேக்கிடம் வணக்கம் மட்டும் சொல்வார், அதற்குமேல் ஒன்றும் இல்லை. அவள் அதைக் குறையாக எடுத்துக்கொள்ளவில்லை.

தம்பி மறுபடி ஓட்ட ஆரம்பித்த வாரத்தில், ஓட்டுநர்கள் எத்தனை மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து ஓட்டக் கூடாது, எட்டா பத்தா என்று ஒரு மனு வந்தது. அதுவரை எதற்குமே ஓட்டுப் போடாதவன், வக்கீலோடு அரை மணி நேரம் வாதாடிவிட்டு, அக்கா வீட்டுக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தான்.

"எட்டு மணி நேரம் எந்த ஊர்க் கணக்கு? நீ எதுக்குப் போட்டே?"

"எட்டுக்குத்தான்."

"உனக்கென்ன, காலையில காலி ரோட்டுல ஓட்டுறே. நான் பத்துக்குப் போட்டிருக்கேன்."

"தூங்கி வழிஞ்சுட்டு ஓட்டி எவன் மேலயாவது ஏத்தவா?"

"எனக்கு வண்டி ஓட்டக் கத்துக் கொடுக்காதே!"

"நான்தானேடா கத்துக் கொடுத்தேன்!"

சத்தம் மாடிப்படிவரை போனது. தம்பியின் மனைவி தன் வீட்டு வாசலில் நின்று, "ரெண்டு பேரும் ஓட்டுப் போட்டாச்சுல்ல? இனிமே கத்தி மாத்தவா முடியும்? அண்ணி, அடுப்பை அணைங்க, குழம்பு தீயுற வாசனை வருது" என்றாள்.

பிரேக் அடுப்படிக்கு ஓடினாள். தம்பி பின்னாலேயே பேசிக்கொண்டு போனான்.